கடைசி லாரி

பிப்ரவரி 4, திங்கள்

இந்த டைரி ஒரு கோழி மருந்துக் கம்பெனி கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கோழிக்கு வரும் ஒரு நோயையும் அதன் அறிகுறியையும் அச்சடித்திருக்கிறார்கள். தீவன மில்லில் வேலை பார்ப்பவளுக்கு வேறு எந்த டைரி கிடைக்கும்? ஒரு மாதமாகத் தொடாமல் கிடந்தது. இன்றைக்கு யாரிடமாவது கத்தாவிட்டால் மண்டை வெடித்துவிடும் போலிருந்தது. வீட்டுக்காரர் தையல் கடையிலிருந்து இன்னும் வரவில்லை. அதனால் டைரி.

எடைமேடைக் கம்ப்யூட்டர் சனிக்கிழமை கரண்ட் ஏறி இறங்கியதில் புகைந்துபோனது. மக்காச்சோளம் ஏற்றி வரும் லாரி முதலில் லோடோடு மேடையில் ஏறும். இறக்கிவிட்டுக் காலியாக மறுபடி ஏறும். இரண்டையும் கழித்து, இத்தனை கிலோ என்று சீட்டு அடித்துக் கொடுப்பது அந்தக் கம்ப்யூட்டர்தான். அதில் ஓடும் புரோகிராமை ஈரோட்டுக்காரர் ஒருவர் டாஸ் காலத்தில் எழுதினார். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். முதலாளி நல்லசிவம் புதுக் கம்ப்யூட்டர் வாங்கி வந்தார். அதில் இருக்கும் விண்டோஸில் பழைய புரோகிராம் திறக்கிறது, ஆனால் மேடையிலிருந்து வரும் எடையை வாங்க மாட்டேன் என்கிறது. கடைக்காரன் புது சாஃப்ட்வேர் வாங்கச் சொல்கிறான்.

“ஏம்மா கமலவேணி, இத்தன வருசமா ஓடுனது இப்ப ஓடாதுன்னா என்னம்மா அர்த்தம்?” என்றார் முதலாளி.

“ஓட வெக்கறனுங்க” என்று வாயை விட்டுவிட்டேன்.

எடைமேடை சென்னியப்பன் பக்கத்தில் நின்று பல் குத்திக்கொண்டிருந்தார். “அம்மிணி சொன்னா ஓடிருமுங்க” என்றார். அது பாராட்டு இல்லை. அவர் உதட்டோரத்தை நான் பார்த்தேன். எனக்கு நாற்பத்து மூன்று வயது. மில்லின் கம்ப்யூட்டர் பொறுப்பு மொத்தமும் என்னுடையது. என்னை இன்னும் சின்னப் பெண்ணைப் போல அம்மிணி என்று கூப்பிடும் ஒரே ஆள் அவர்தான்.

இன்றைய நோய்: சளி. கோழி வாயைத் திறந்து மூச்சு விடுமாம்.

பிப்ரவரி 6, புதன்

ஓட வைத்துவிட்டேன். எல்லோரும் கேட்டுக்கொள்ளட்டும்.

டாஸ் மாதிரியே இயங்கும், டாஸ் புரோகிராம்கள் அத்தனையும் ஓடும் இலவச சிஸ்டம் ஒன்று இருக்கிறது. நெட் சென்டரில் உட்கார்ந்து இறக்கி சிடியில் எழுதிக்கொண்டு வந்தேன். விண்டோஸைத் துடைத்தெறிந்து, டிஸ்கைப் பிரித்து, ஃபார்மேட் செய்து ஏற்றினேன். முதல் தடவை கறுப்புத் திரையில் கர்சர் மட்டும் மினுக்கிக்கொண்டு நின்றது. பிரித்த பகுதியை ஆக்டிவ் என்று குறிக்க மறந்திருந்தேன். மறப்பது மனித இயல்பு. ஆனால் சென்னியப்பன் எட்டிப் பார்த்து, “சாமி இன்னும் எறங்கல போலிருக்குதுங்” என்று லோடுமேன்களிடம் சொல்ல, அவர்கள் சிரித்தார்கள். எல்லோரும் பூசாரிவலசு ஆட்கள், அவருடைய ஊர். அவர் தும்மினாலும் சிரிப்பார்கள்.

பிறகு மெமரியைச் சரிசெய்து, எடை வரும் கேபிளுக்கு வேகம் பொருத்தி, பிரிண்டரைத் தட்டி எழுப்பினேன். மதியம் திரையில் பூஜ்யம் வந்தது. காலி மேடை பூஜ்யம் காட்டுவதைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டவள் நாமக்கல் ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

சென்னியப்பனைக் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுத்தேன். “இதுக்கு விண்டோஸ் மாதிரி ஷட்டவுன் பண்ற சாங்கியமெல்லாம் கெடையாது. பழசு மாதிரியேதான். வேல முடிஞ்சா அப்படியே நிறுத்திக்கலாம்.”

“மெயினையே எறக்கிரலாமுங்களா அம்மிணி? எப்பவும் அப்படித்தான பண்றேன்.”

“எறக்கிக்கங்க.”

அவர் நிறுத்துவதைப் பார்க்க வேண்டும். கேபின் சுவரில் மெயின் சுவிட்ச், அதற்கு மேல் முருகன் படம். கடைசி லாரிக்குச் சீட்டைக் கிழித்துக் கொடுத்த கையோடு மெயினை ஒரே இழுப்பாக இழுத்து, “முருகா” என்று கண்ணில் ஒற்றிக்கொண்டு, பூட்டிவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவார். யு.பி.எஸ். பெட்டி ஒன்று உண்டு. அதன் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. அதன் மேல் தன் சாப்பாட்டுத் தூக்குப்போசியை வைக்கிறார்.

பிப்ரவரி 7, வியாழன்

தோசை மாவு பொங்கி வழிந்து ஃபிரிட்ஜ் முழுக்க நாறிவிட்டது.

பிப்ரவரி 9, சனி

ஆசை ஆசையாக அலங்காரம் செய்தேன். கம்ப்யூட்டர் கண் விழித்ததும் நீலத் திரையில் மில்லின் பெயர், கீழே மெனு: ஒன்றை அமுக்கினால் எடை, இரண்டை அமுக்கினால் சீட்டு, மூன்றை அமுக்கினால் ஃபிளாப்பியில் நகல். இனி அவர் எந்தக் கட்டளையையும் தட்டித் தடவ வேண்டியதில்லை. ஒவ்வொரு நாள் காலையும் அப்படி நகலெடுத்த ஃபிளாப்பியைக் கொண்டுவந்து ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்வேன்.

முதலாளியைக் கூட்டிப்போய்க் காட்டினேன். “ஜோரா இருக்குதும்மா” என்றார். அவர் வாயிலிருந்து ஜோர் என்ற வார்த்தை தீபாவளிக்குத்தான் வரும்.

அப்போது அந்த ஆள் சொன்னார்: “பாக்கறதுக்கு நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா பழசு இதவிட வெரசுங்க. இது ஒவ்வொரு சீட்டுக்கும் நின்னு யோசிக்குது. லாரிக்காரன் ஆரன் அடிச்சே காத அறுக்கறானுங்க.”

முதலாளி என் முகத்தைப் பார்த்தார். புதுக் கம்ப்யூட்டர் பழசைவிட மெதுவா? உண்மைதான். ஒவ்வொரு சீட்டையும் எழுதும்போது மொத்தக் கோப்பையும் புரட்டி அடுக்குகிறது, டிஸ்க் கரகரவென்று இழுக்கிறது. அதைத் தனியாக என்னிடம் வந்து சொல்லியிருக்கக் கூடாதா? முதலாளி நிற்கும்போதுதான் சொல்ல வேண்டுமா? தேள் கொட்ட இடம் பார்க்குமாம், இந்த ஆள் ஆள் பார்த்துக் கொட்டுகிறார்.

பிப்ரவரி 11, திங்கள்

பழைய ஃபிளாப்பிகளைக் கொட்டிக் கிளறியதில் கிடைத்தது, டிஸ்க் கேஷ் புரோகிராம். டிஸ்கில் எழுத வேண்டியதை உடனே எழுதாமல் மெமரியில் வாங்கி வைத்துக்கொள்ளும். கம்ப்யூட்டர் சும்மா இருக்கும் நேரம் பார்த்து மொத்தமாக எழுதிவிடும். பாத்திரத்தை அப்போதைக்கு அப்போது கழுவாமல் தொட்டியில் போட்டு வைத்து, ஓய்ந்த பிறகு கழுவுவது மாதிரி. தொடக்கக் கோப்பில் ஒரே ஒரு வரி சேர்த்தேன். தாமதத்தை எவ்வளவு வைக்கலாமோ அவ்வளவு வைத்தேன். கூடவே இருந்த குறிப்பில் ஏதேதோ எச்சரிக்கை. குறிப்பு எழுதுகிறவன் எதற்குத்தான் எச்சரிக்காமல் இருந்தான்?

சீட்டு இப்போது கண் இமைக்கும் முன் வருகிறது. லாரிக்காரன் கையை நீட்டும் முன் சீட்டு நீள்கிறது. சென்னியப்பன் ஒரு வார்த்தை பேசவில்லை. என்ன செய்தேன் என்றும் கேட்கவில்லை. கேட்காதவருக்கு நான் ஏன் சொல்ல வேண்டும்?

பிப்ரவரி 12, செவ்வாய்

தண்ணீர் வந்தது. நாலு குடம் பிடிப்பதற்குள் நின்றது. இன்றைய நோய் ரத்தக்கழிச்சல்.

பிப்ரவரி 18, திங்கள்

ஒரு மக்காச்சோள வியாபாரி சீட்டோடு வந்தான். நம் மில்லின் சீட்டு, நம் பிரிண்டர் அடித்தது, சென்னியப்பன் கையெழுத்து. ஆபீஸ் கம்ப்யூட்டரில் தேடினால் அப்படி ஒரு லாரியே வரவில்லை. எடைமேடைக்கு நடந்துபோய் அங்கேயும் பார்த்தேன். இல்லை.

பழைய சீட்டுகளின் நகலை எடுத்து ஒன்றொன்றாக ஒத்துப் பார்த்தேன். இன்னும் இரண்டு லாரிகள் இப்படி. சீட்டு இருக்கிறது, கம்ப்யூட்டரில் இல்லை. மூன்றுமே அன்றன்றைய கடைசி லாரி.

வராத லாரிக்குச் சீட்டு! இதற்கு வேறு என்ன பொருள்? வியாபாரியும் இவரும் கூட்டு. சீட்டை அடித்துக் கொடுத்துவிட்டு, உள்ளே பதிந்ததை அழித்துவிடுகிறார். அழித்ததுதான் முட்டாள்தனம். திருட்டுக்கும் கொஞ்சம் மூளை வேண்டாமா? குவியலில் கொட்டிய மக்காச்சோளத்தை யார் அளந்து பார்க்கப்போகிறார்கள் என்ற தைரியம். அதுவும் கடைசி லாரியாகப் பார்த்து, ஆள் நடமாட்டம் குறைந்த நேரமாகப் பார்த்துச் செய்திருக்கிறார்.

முதலாளியிடம் சொன்னேன். சொல்லும்போது என் குரல் நடுங்கவில்லை. கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. யாரும் படிக்காத டைரிதானே, எழுதிக்கொள்கிறேன்.

பிப்ரவரி 20, புதன்

முதலாளி அறையில் விசாரணை. சென்னியப்பன் நின்றார். அவரை உட்காரச் சொல்லவில்லை. எனக்கு நாற்காலி.

“ஏப்பா சென்னியப்பா, இந்த லாரி வந்துச்சா, வல்லியா?”

“வந்துச்சுங்க. நாந்தான் எட போட்டேன். காலி எட போட்டுச் சீட்டுக் கிழிச்சுக் குடுத்துப்போட்டுத்தான் பஸ்சுக்குப் போனனுங்க.”

“அப்ப கம்ப்யூட்டர்ல ஏன் இல்ல?”

“அது எனக்கெப்படிங்க தெரியும்? அம்மிணியக் கேளுங்க.”

என்னைக் கேட்க வேண்டுமாம். “கம்ப்யூட்டர் தானா அழிக்காதுங்க சார். யாராவது அழிச்சாத்தான் அழியும்” என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “அழிக்கறது எப்படின்னே எனக்குத் தெரியாதுங்களே அம்மிணி. நீங்க சொல்லிக் குடுத்தது ஒண்ணு, ரெண்டு, மூணுதான?”

நல்ல நடிப்பு.

பிப்ரவரி 22, வெள்ளி

பொறி வைத்தேன். அழிக்கும் கட்டளையையே எடுத்துவிட்டு, புரோகிராமுக்குள் இருக்கும் அழிப்பு வழிக்குக் கடவுச்சொல் போட்டேன். இனி எலி மாட்டும்.

பிப்ரவரி 25, திங்கள்

சனிக்கிழமைக் கடைசி லாரி இல்லை. கடவுச்சொல்லைக் கண்டுபிடித்துவிட்டார்! மகளின் பெயரை வைத்தது என் தப்புதான். பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு நந்திதாவைக் கூட்டிப்போகிறேன் என்று இந்த ஆளிடம் லீவு விஷயமாகப் பேசியது ஞாபகம் வருகிறது. அதை நினைவில் வைத்துக்கொண்டிருக்கிறார். எவ்வளவு ஆழமான ஆள்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டே கேட்டார்: “ஏன் கமலா, திருடறவன் எதுக்கு எப்பவும் கடைசி லாரியவே புடிக்கறான்? நடுவுல ஒண்ண எடுத்தாத்தான தெரியாது?”

துணி தைக்கிறவருக்குக் கம்ப்யூட்டர் துப்பறிவு எதற்கு? சாப்பிடுங்கள் என்றேன்.

பிப்ரவரி 26, செவ்வாய்

சென்னியப்பனை நிறுத்திவிட்டார்கள். “வீட்ல இரு, கூப்புடறப்ப வா” என்றார் முதலாளி. போலீஸுக்குப் போகாதது பெருந்தன்மையாம்.

அவர் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு போனார். முருகன் படத்துக்கு முன் கொஞ்ச நேரம் நின்றார். என்னிடம் சாவியைக் கொடுக்கும்போது கை என் கையில் படாமல் மேசை மேல் வைத்தார். லோடுமேன்கள் மூட்டையைப் போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சாயங்காலத்துக்குள் பூசாரிவலசு முழுக்கச் செய்தி போய்விடும்.

வேறு ஆள் வரும்வரை எடைமேடை என் பொறுப்பு. நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். இனி ஒரு லாரி தவறட்டும் பார்க்கிறேன்.

பிப்ரவரி 28, வியாழன்

கேபினில் தூசி. தவிட்டு வாசம் புடவையை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. கடைசியாகக் கரூர்ப் பக்கத்து லாரி ஒன்று இருட்டும் நேரத்தில் வந்து இறக்கியது. சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, பஸ் ஆரன் கேட்டதும் மெயினை இழுத்துவிட்டு ஓடினேன். ஓடிப்போய் ஏறினேன். கண்டக்டர் சிரித்தான். “சென்னியண்ணன் மாதிரியே வாறீங்க” என்றான். எனக்குப் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 29, வெள்ளி

கரூர் லாரி இல்லை.

அதே நாள், மதியம்

ஃபிளாப்பி கெட்டுப்போயிருக்கும் என்று பார்த்தேன். இல்லை. கரண்ட் ஏதாவது கோளாறா? இல்லை. கேபின் சாவி என் கைப்பையில் இருந்தது. என் கைப்பை என் தலைமாட்டில் இருந்தது. நான்தான் எடை போட்டேன், நான்தான் சீட்டுக் கிழித்தேன், நான்தான் மெயினை இழுத்தேன்.

மெயினை இழுத்தேன்.

மெமரியில் இருந்தது மெமரியோடு போனது. தொட்டியில் போட்ட பாத்திரத்தைத் தொட்டியோடு தூக்கி எறிந்த மாதிரி. பகலில் வரும் லாரிக்கு ஒன்றும் ஆகாது. அடுத்த லாரி வருவதற்குள் கம்ப்யூட்டர் நிதானமாக எழுதிக்கொள்ளும். பஸ்ஸுக்கு ஓடும் நாளில் கடைசி லாரிக்குத்தான் அந்த ஒரு நிமிஷம் கிடைக்காது.

குறிப்பை எடுத்துப் படித்தேன். அடியில் தெளிவாகவே போட்டிருக்கிறது.

ஆனால் ஒன்று. உடனே மெயினை இழுப்பது யாருடைய பழக்கம்? உலகத்தில் எந்தக் கம்ப்யூட்டரை இப்படி நிறுத்துகிறார்கள்? எறக்கிக்கங்க என்று நான் சொன்னது ஆறாம் தேதி. கேஷ் போட்டது பதினொன்றாம் தேதி. நான் சொன்னபோது அது சரிதான். சொன்ன தேதியில் அதில் தப்பே இல்லை.

கரூர் லாரியைச் சீட்டைப் பார்த்து நானே பதிந்துவிட்டேன். அந்த வரியை எடுத்துவிட்டேன். கம்ப்யூட்டர் மறுபடி கரகரவென்று இழுக்கிறது. இழுக்கட்டும். இனி எதுவும் காணாமல் போகாது. எதுவும் காணாமல் போகாவிட்டால் முதலாளிக்குக் கோபம் தணியும். தணிந்தால் தானாகக் கூப்பிட்டுக்கொள்வார். யாருக்கும் எதையும் விளக்க வேண்டியதில்லை.

இன்றைய நோய் என்னவென்று பார்க்கவில்லை.

மார்ச் 3, திங்கள்

எடைமேடைக்கு ஆள் வந்துவிட்டது. முதலாளியின் தங்கை மகன் மோகனசுந்தரம். மோட்டார் சைக்கிள், கறுப்புக் கண்ணாடி, காதில் எப்போதும் செல்ஃபோன். முதலாளி “மாப்ள, மாப்ள” என்கிறார். எப்படி நிறுத்துவது என்று மாப்பிள்ளை கேட்கவில்லை. மெயினைப் பார்த்தார், இழுத்தார்.

நந்திதாவுக்குப் பரீட்சை நெருங்குகிறது. கணக்குக்கு உட்கார மாட்டேன் என்கிறாள்.

மார்ச் 7, வெள்ளி

முதலாளி என்னைக் கூப்பிட்டு முறுக்குத் தட்டை நகர்த்தினார். அவர் முறுக்குத் தட்டை நகர்த்தினால் சந்தோஷமாக இருக்கிறார் என்று அர்த்தம்.

“பாத்தியாம்மா? அவன் போனான், ஒரு சீட்டுத் தப்பல. கையும் களவுமா புடிக்காட்டி என்ன, இதவிட என்ன சாச்சி வேணும்? நீ மட்டும் கண்டுபுடிக்காட்டி இன்னும் எத்தன வருசம் தின்னுருப்பானோ.”

முறுக்கை எடுத்துக் கடித்தேன். வாயில் முறுக்கு இருந்தால் பேச வேண்டியதில்லை.

நான் கோளாறைச் சரிசெய்ததுதான் அவர் திருடன் என்பதற்குச் சாட்சியாகிவிட்டது. இப்படியும் நடக்குமா? பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான்.

மார்ச் 8, சனி

பூசாரிவலசு மாரியம்மன் பண்டிகைக்குக் கம்பம் நடப்போகிறார்கள். இட்லிக்கு ஊறிய அரிசியை வடித்துக்கொண்டிருக்கும்போது வீட்டுக்காரர் சொன்னார். கோயில் பாத்திர அறைச் சாவி இத்தனை காலமும் சென்னியப்பன் வீட்டில்தான் இருந்ததாம், அவர் அப்பா காலத்திலிருந்து. ஊரில் கூட்டம் போட்டு, “இந்த வருசம் மட்டும் வேற ஆளுகிட்ட இருக்கட்டும்” என்று வாங்கிக்கொண்டார்களாம். அந்த ‘மட்டும்’ யாருக்காகச் சொன்னது? பண்டிகைக்குத் துணி தைக்கக் கொடுத்தவர்கள் கடையில் பேசிக்கொண்டார்களாம். சென்னியப்பன் சாவியைக் கொடுத்துவிட்டு, பாத்திரங்களை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டிய பிறகுதான் வெளியே வந்தாராம்.

“பாவம்” என்றார் வீட்டுக்காரர்.

“என்ன பாவம்?” என்று கத்தினேன். ஊறிய அரிசியைத் திரும்பவும் தண்ணீரில் கொட்டிவிட்டேன். எனக்கு அந்த ஆளைப் பிடிக்காது. இப்போதும் பிடிக்கவில்லை. பிடிக்காத ஆளுக்காக வயிறு எரிவது எவ்வளவு எரிச்சல் என்று யாருக்காவது தெரியுமா? நல்லவருக்குத் துரோகம் செய்தவள் காலில் விழுந்து அழலாம். நான் என்ன செய்வது?

மார்ச் 10, திங்கள்

உண்மையைச் சொன்னால் என் வேலை போகும். போகாவிட்டாலும் முறுக்குத் தட்டு போகும், மரியாதை போகும். லோடுமேன்கள் நான் போகும்போதெல்லாம் சிரிப்பார்கள். ஆனால் சொல்லாமலே செய்ய ஒரு வழி இருக்கிறது.

“மெமரி செக் பண்ணோணுங்க” என்று சொல்லி மோகனசுந்தரத்தை எழுப்பிவிட்டு, அந்த ஒரு வரியைத் திரும்பச் சேர்த்தேன்.

“அட, இப்ப செம ஸ்பீடுங்கக்கா!” என்றார் மாப்பிள்ளை.

மார்ச் 12, புதன்

நேற்றைய கடைசி லாரி காணோம். காலையில் நானே சீட்டை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனேன்.

முதலாளி சீட்டைப் பார்த்தார். கையெழுத்தைப் பார்த்தார். மாப்பிள்ளையின் கையெழுத்து, பெரிய சுழியோடு.

“மெசின்ல ஏதோ கோளாறாட்ட இருக்குதும்மா” என்றார். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

“இருக்குமுங்க” என்றேன்.

“பாரு, ஒரு மனுசன அநியாயமா...” என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். “சரி, சென்னியப்பன வரச்சொல்லு. வெளிய ஒண்ணும் சொல்ல வேண்டாம். மன்னிச்சுச் சேத்துக்கிட்டதாட்டவே இருக்கட்டும். மில்லு பேரு கெட்றக் கூடாது. நீ மெசினப் பாரு.”

மன்னித்துச் சேர்த்துக்கொண்டதாக! சொந்தக்காரன் செய்தால் மெசின் கோளாறு, சென்னியப்பன் செய்தால் திருட்டு, கடைசியில் மன்னிப்பு. கேட்டுக்கொண்டே நின்றேன். கேட்க எனக்கு என்ன யோக்கியதை?

மார்ச் 13, வியாழன்

சிலிண்டர் தீர்ந்துவிட்டது. நாளை காலை சென்னியப்பன் வருவதற்கு முன் போய் அந்த வரியை எடுத்துவிட வேண்டும்.

மார்ச் 14, வெள்ளி

நான் போனபோது அவர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, திருநீறு. இளைத்திருந்தார். யு.பி.எஸ். மேல் தூக்குப்போசி இல்லை. கீழே தன் காலடியில் வைத்திருந்தார்.

“கொஞ்சம் எந்திரிங்க, மெசினப் பாக்கோணும்” என்றேன்.

“வேண்டாமுங் மேடம்” என்றார். மேடம். “நான் இருக்கறப்ப நீங்க இதத் தொட வேண்டாம். நீங்க தொட்டா அப்பறம் நாந்தான் பதில் சொல்லோணும்.”

“முதலாளி சொல்லித்தான் வந்திருக்கேன்.”

“அப்ப முதலாளிய வரச்சொல்லுங் மேடம். அவரு நிக்கட்டும், நீங்க தொடுங்க.”

திரும்பி வந்துவிட்டேன். நாள் முழுக்க லாரிகள். அவர் சாப்பிடவும் எழவில்லை. அந்த நாற்காலியிலேயே போசியைத் திறந்து சாப்பிட்டார். பதினாறு வருஷம் எனக்குப் பிடிக்காத ஒரு வார்த்தை இன்று காதில் விழாதா என்று காத்திருந்தேன். விழவில்லை. மேடம், மேடம், மேடம்.

சாயங்காலம் முதலாளியே கேபினுக்கு வந்தார், எப்படி நிறுத்துகிறார்கள் என்று கண்ணால் பார்க்க. என்னையும் கூப்பிட்டார். கடைசி லாரி காலியாகி மேடையில் ஏறியது. சென்னியப்பன் எடை போட்டார். சீட்டு இமைக்கும் முன் வந்தது. கிழித்து டிரைவரிடம் கொடுத்தார். பிறகு எழுந்து சுவரோரம் ஒதுங்கி நின்றார்.

“இனி மெயின நான் தொட மாட்டனுங்க. மேடமே எறக்கட்டும். நாளைக்கு லாரி இல்லாமப் போனா என்ர பேரு வரக் கூடாது.”

“எறக்கும்மா” என்றார் முதலாளி.

மெயின் மேல் கை வைத்தேன். முருகன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த லாரி இன்னும் மெமரியில் இருக்கிறது. இப்போது இழுத்தால் போய்விடும். நாளைக்கு மெசின் கோளாறு என்பார்கள். மெசின் யாருடையது என்பார்கள். இழுக்காமல் நின்றேன். வெளியே குழாயடியில் லோடுமேன்கள் கைகால் கழுவிக்கொண்டு பண்டிகை பற்றிச் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“ஏனுங் மேடம், எதுக்கு நிக்கறீங்க?”

“ஒரு நிமிஷம்.”

சென்னியப்பன் என் கையைப் பார்த்தார். பிறகு நான் பார்த்துக்கொண்டிருந்த இடத்தைப் பார்த்தார். கம்ப்யூட்டர் பெட்டியின் முகத்தில், டிஸ்க் எழுதும்போது மட்டும் எரியும் சின்னச் சிவப்பு விளக்கு, அணைந்து கிடந்தது. மூவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். திடீரென்று அது மின்னியது. டிஸ்க் கரகரவென்று இழுத்து ஓய்ந்தது. விளக்கு அணைந்தது. நான் மூச்சை விட்டேன். அந்த மூச்சை அவர் கேட்டுவிட்டார்.

“ஓ, நிக்கோணுமாட்ட இருக்குது” என்றார் மெதுவாக. “எனக்கு அப்படியே நிறுத்திக்கலாம்னுதான சொன்னீங்க? இந்த நிக்கறது எப்பருந்துங் மேடம்?”

முதலாளி என் பக்கம் திரும்பினார்.

நான் மெயினை இழுத்துவிட்டேன். அந்தக் கேள்விக்கு என்னிடமிருந்த ஒரே பதில் அதுதான். கேபின் இருண்டது. ஒரே ஜன்னலில் தவிட்டுத் தூசி அப்பியிருக்கிறது, வெளிச்சம் வராது. அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. என் முகம் அவருக்குத் தெரியக் கூடாது என்றுதான் இழுத்தேன். முருகா என்று யாரும் சொல்லவில்லை.

இருட்டுக்குள் அவர் குரல் வந்தது. கோபம்கூட இல்லை.

“இருட்டுல சொன்னாலும் காதுல விழுமுங் மேடம்.”

சொன்னேன். தேதியைச் சொன்னேன், என்ன போட்டேன் என்று சொன்னேன், யாரிடம் சொல்லவில்லை என்று சொன்னேன். எனக்கே கேட்காத குரலில் ஆரம்பித்தேன். முடிக்கும்போது கத்திக்கொண்டிருந்தேன்.

வெளியே குழாய் கொட்டிக்கொண்டே இருந்தது. லோடுமேன்கள் பேச்சை நிறுத்தியிருந்தார்கள்.